உறை பிரிக்காத பின்சீட்

எங்கள் வீட்டில் கார் வாங்குவதென்றால் வேலையைப் பிரித்துக்கொள்வோம். பானெட்டுக்குக் கீழே இருப்பதெல்லாம் வாலண்டைன் பாடு. கதவுக்கு உள்ளே இருப்பதெல்லாம் என் பாடு. நாங்கள் இருக்கும் செந்தூலில் அவனை வாலண்டைன் என்று முழுசாகக் கூப்பிடுகிறவர்கள் அவன் அம்மாவும் எங்கள் சர்ச் பாஸ்டரும்தான். மற்ற எல்லோருக்கும் அவன் வேலு, கட்டின பெண்டாட்டியான எனக்கும் சேர்த்து. கல்யாணமான நாளிலிருந்து அவனுக்கு ஒரே பைத்தியம், நானூறு குதிரைத்திறன் உள்ள ஒரு எஸ்யூவி. மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ள வேண்டுமாம். "ஃபெடரல் ஹைவே ஜாம்ல எங்கடா மிதிப்பே?" என்று கேட்டால் அன்று ராத்திரி சோறு இறங்காது அவனுக்கு.

நான் ஷா ஆலமில் கார் சீட் தைக்கிற தொழிற்சாலையில் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். எங்களிடம் ஒரு இயந்திரம் உண்டு. மனித இடுப்பு மாதிரி ஒரு உருவத்துக்கு ஜீன்ஸ் மாட்டி, புதுச் சீட்டில் உட்கார வைத்து, எழுப்பி, உட்கார வைத்து, எழுப்பி, பத்து வருடத் தேய்மானத்தைச் சில நாளில் காட்டிவிடும். எழுந்திருக்கவே மனமில்லாத எங்கள் பழைய சூப்பர்வைசர் நினைவாக அதற்குத் தம்புசாமி என்று பெயர் வைத்திருக்கிறோம். தம்புசாமியோடு இத்தனை காலம் குப்பை கொட்டியதில், ஒரு சீட்டைத் தடவினால் அதில் உட்கார்ந்தவர் குண்டா, ஒல்லியா, இறங்கும்போது எந்தப் பக்கம் சரிவார், எத்தனை வருடம் உட்கார்ந்தார் என்று என் கை சொல்லிவிடும். பீற்றிக்கொள்ளவில்லை. அதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள்.

அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். அதற்கு முன் இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போயிருந்தது. அதனால் மூன்றாவது முறை நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை, பிள்ளைக்கு ஒரு சாக்ஸ்கூட வாங்கவில்லை. கார் மட்டும் வாங்கலாம் என்று வேலு சொன்னான். "அது பிள்ளைக்கு இல்ல, எனக்கு" என்றான், திருட்டுப் பயல்.

முந்தின வாரம் ஒரு வண்டியைப் பார்த்திருந்தோம். இன்ஜின் சத்தம் கேட்டு வேலு கிறங்கிப் போனான். நான் கதவு உள்பக்கத்தில் மோதிரத்தால் தட்டினேன். டக் டக் என்றது, முழுக்கக் கெட்டிப் பிளாஸ்டிக். இந்த விலைக்கு இதுவா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேகம் எத்தனை நிமிஷம்? பாக்கி நேரமெல்லாம் சும்மா உட்கார்ந்துதானே இருக்கப் போகிறோம்? உட்காருகிற இடத்தில் கஞ்சத்தனம் செய்தவனை நான் நம்ப மாட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இரண்டாவது வண்டி கிள்ளானில், சுகுமாறன் என்பவரின் பழைய கார் கடையில் நின்றது. கறுப்பு நிறம், இரண்டே வயது. மத்தியான வெயில் மண்டையைப் பிளந்தது. நான் டாஷ்போர்டை அழுத்தினேன், விரல் மெத்தென்று உள்ளே போய்த் திரும்பியது. கூரைத் துணியில் அலை இல்லை. தையல் ஒரே சீர். தோல் உண்மையான தோல். வாய்விட்டே "நல்லா செஞ்சிருக்கான்" என்றேன். வேலு என்னைக் கட்டிப்பிடிக்காத குறை.

டிரைவர் சீட்டின் வலது ஓரம் மட்டும் கொஞ்சம் பளபளத்தது. பருத்த ஆள், இறங்கும்போது இழுத்துக்கொண்டு இறங்குவார். பக்கத்து சீட்டில் யாரும் உட்கார்ந்ததே இல்லை.

"பின்னாடி பாருங்கக்கா" என்றார் சுகுமாறன். "ஓனரு தனி ஆளு, கல்யாணம்கூட ஆகல. பின்சீட்ல ஈ எறும்பு உக்காரல லா. பிளாஸ்டிக்க கூட பிரிக்கல!"

நம் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. சோபாவுக்கு பிளாஸ்டிக், ரிமோட்டுக்கு பிளாஸ்டிக், கார் வாங்கினால் சீட்டுக்குப் போட்டு வந்த பிளாஸ்டிக்கை வருஷக்கணக்கில் எடுக்க மாட்டார்கள். தொடை வேர்த்து ஒட்டிக்கொண்டாலும் சரி, புதுசு புதுசாகவே இருக்க வேண்டும். மனசுக்குள் திட்டிக்கொண்டே பின்கதவைத் திறந்தேன்.

உறை அப்படியே இருந்தது. தொழிற்சாலையில் ஒட்டிய டேப் அறுபடவில்லை. நான் அதே வேலை செய்கிறவள், அந்த டேப்பை எடுத்து மறுபடி ஒட்டினால் எனக்குத் தெரியும். யாரும் தொடவில்லை.

ஆனால் உறைக்கு உள்ளே தோல் தேய்ந்திருந்தது.

இடது பக்கம் மட்டும். முதலில் பூஞ்சை என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன். இல்லை. சாய்வில் இரண்டு சின்ன நிழல்கள் இருந்தன. கைக்குழந்தையைப் பின்பக்கம் பார்த்து உட்கார வைத்தால் குதிகாலை அங்கேதான் ஊன்றும். அதற்கு எதிரே, முன்சீட்டின் முதுகில், அதுவும் பிளாஸ்டிக்குக்கு உள்ளேதான், உதைத்த தடங்கள். எல்லாம் ஒரே கால், இடது கால். மேலிருந்து கீழாக வரிசையாக இறங்கி வந்திருந்தன. சின்னப் பிள்ளைக்குக் கால் நேராக நீட்டிக்கொண்டிருக்கும், அதனால் உதை மேலே விழும். வளர வளர முட்டி மடங்கிக் கால் தொங்கும், உதை கீழே இறங்கும். பிள்ளை வளர்ந்த கதை முழுக்க அந்தச் சீட்டின் முதுகில் இருந்தது. ஒரு கட்டத்தில் நின்றுவிட்டது. அதற்குக் கீழே சுத்தம்.

கீழே ஓடும் தையலில் கட்டைவிரலை வைத்துக் கையை விரித்தேன். கடைசித் தடம் வரை ஒரு சாண், அதற்கு மேல் இரண்டு விரல். பழக்க தோஷம், எதைப் பார்த்தாலும் அளப்பேன். கதவுக் கைப்பிடியில் மூன்று தையலை நகத்தால் நோண்டிப் பிரித்திருந்தது, அதன் மேலும் பிளாஸ்டிக் இறுக்கமாக மூடியிருந்தது. நாலு வருடத் தேய்மானம், கொஞ்சம் கூடவே இருக்கும் என்று என் கை சொன்னது. வண்டிக்கே இரண்டு வயதுதான்.

"சுகுமாறன், இங்க ஒரு பிள்ள உக்காந்திருக்கு."

அவர் எட்டிப் பார்த்தார். "அடோய், அது சூட்டுல வந்த கறைக்கா. துடைச்சா போயிரும்."

வேலு ஏற்கெனவே ஸ்டியரிங்கைப் பிடித்தாயிற்று. "எவலின், ஏறு, ஒரு ரவுண்டு!" என்று கத்தினான். எதையோ சரிபார்க்க வேண்டும் போல எனக்கும் இருந்தது. முன்னால் அவன் பக்கத்தில் ஏறினேன். சுகுமாறன் கடையிலேயே நின்றுகொண்டார்.

கடைத்தெரு தாண்டி நேர்ச்சாலை வந்ததும் வேலு மிதித்தான். முதுகு சீட்டோடு ஒட்டியது. அந்த நேரத்தில் வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது. அதுதான் எனக்குத் தெரிந்த முதல் உதை. சந்தோஷத்தில் கத்தப் போனேன். அதற்குள் முதுகில், சீட்டுக்கு அந்தப் பக்கமிருந்து, இன்னொரு உதை.

வயிற்றில் ஒன்று, முதுகில் ஒன்று. கொஞ்சம் விட்டு மறுபடி வயிற்றில் இரண்டு, முதுகில் இரண்டு. ஒரே நேரம், ஒரே பக்கம். திரும்பிப் பார்த்தேன். பின்சீட்டில் யாரும் இல்லை. முன்சீட்டு முதுகின் உறை மட்டும் சரசரத்து அடங்கியது.

"நிறுத்து. வேலு, நிறுத்துடா!"

அவன் பயந்து ஓரங்கட்டினான். நான் இறங்கிச் சாலையோரத்தில் நின்றுவிட்டேன். அந்த வண்டியில் திரும்ப ஏறவில்லை. வேலு போய் வண்டியைக் கொடுத்துவிட்டு, எங்கள் பழைய காரை எடுத்துக்கொண்டு வரும்வரை ஒரு பெட்டிக்கடை நிழலில் வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். ஏதோ செத்துப்போன பிள்ளை என் பிள்ளையைக் கூப்பிடுகிறது என்றுதான் அன்று நினைத்தேன். அவனிடமும் அதையே சொல்லி அழுதேன்.

"பேய் வீடு கேள்விப்பட்டிருக்கேன், பேய் சீட்டா?" என்றான் வேலு. சிரிக்க முயன்றான், ஆனால் அந்தப் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

கால்வின் பிறந்தான். முழுசாக, சத்தமாக, நல்ல எடையில் பிறந்தான். அவனுக்கு மூன்று மாதமாகும் முன் வேலுவுக்குச் சம்பளம் உயர்ந்தது, மறுபடி பைத்தியம் பிடித்தது. அதே மாடல், ஆனால் புதுசு, வெள்ளை நிறம், ஷோரூமிலிருந்து. நான் மறுக்கவில்லை. உள்ளே அதைவிட நன்றாகச் செய்த வண்டி அந்த விலையில் வேறு இல்லை என்பது எனக்கே தெரியும். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். சாவி வாங்கிய இடத்திலேயே எல்லா பிளாஸ்டிக்கையும் என் கையால் கிழித்துப் போட்டேன். சேல்ஸ்மேன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

நாலு வருடம் நிம்மதியாகப் போயிற்று. கால்வினை எனக்குப் பின்னால், இடது பக்கத்தில்தான் உட்கார வைப்போம். அவனுக்குக் கால் சும்மா இருக்காது. ஜாமில் நிற்கும்போதெல்லாம் என் முதுகில் உதைப்பான். "டேய், அம்மாவுக்கு முதுகு வலிக்குது! எவ்வளவு நல்ல தோல் தெரியுமா இது? இன்னொரு தடவ உதைச்சே, ரோட்டுல இறக்கி விட்டுருவேன்" என்று திட்டாத நாளில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கதவுக் கைப்பிடியில் துணி ஏதோ நூலில் மாட்டியது. குனிந்தேன். மூன்று தையல், நகத்தால் நோண்டிப் பிரித்திருந்தது.

முன்சீட்டின் முதுகைப் பார்க்கத் துணிவில்லாமல் கொஞ்ச நேரம் துணியைப் பிடித்தபடி நின்றேன். பிறகு பார்த்தேன். இடது கால் தடங்கள், மேலிருந்து கீழாக. தையலில் கட்டைவிரலை வைத்துக் கையை விரித்தேன். ஒரு சாண், இரண்டு விரல். கடைசித் தடம் அங்கே நின்றது. அதற்குக் கீழே சுத்தம். அன்றைக்கு என் கை சொன்ன நாலு வருடமும் எனக்கு ஞாபகம் வந்தது. கால்வினுக்கு நாலு முடிந்திருந்தது.

சுகுமாறனுக்குப் போன் போட்டேன். அவருக்கு என்னை நன்றாக ஞாபகம் இருந்தது, பாதி வழியில் இறங்கிப்போன கஸ்டமரை யார் மறப்பார்கள்?

"அந்தக் கறுப்புக் காடியா? அத அடுத்த வாரமே ஒரு டாக்டர் வாங்கிட்டாரு. பிளாஸ்டிக்க நாந்தான்கா பிரிச்சேன். உள்ள ஒரு கறை கிடையாது, பேக்டரில இருந்து வந்த மாதிரி இருந்துச்சு. நான்தான் அன்னைக்கே சொன்னேனே."

போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். செத்துப்போன யாரோ ஒரு பிள்ளை என்று இத்தனை நாள் நான் பாவப்பட்டுக்கொண்டிருந்தது என் பிள்ளைக்காக.

அன்றிலிருந்து கால்வினை வண்டியில் ஏற்றவில்லை. பாலர் பள்ளிக்கு எல்ஆர்டி ரயிலில் கூட்டிப்போனேன். வேலையில் பாதி நேரம் தண்டவாளத்தையும் படிக்கட்டையும் நினைத்து நடுங்கினேன். வேலுவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் சிரிக்கவில்லை. தானும் போய் அளந்து பார்த்தான்.

"வித்துருவோம் எவலின். ஒருவேள அதான் அர்த்தம். நாம வித்துட்டோம், அதனால தடம் அங்க நின்னுருச்சு. அவ்ளோதான் லா."

நானும் அதைப் பிடித்துத் தொங்கினேன். ஆனால் என் மூளை விடவில்லை. விற்றாலும் தடம் அங்கேதான் நிற்கும். ஏற்றாமல் வைத்தாலும் அங்கேதான் நிற்கும். நான் பயந்த அந்த இன்னொன்று நடந்தாலும் அங்கேதான் நிற்கும். பிள்ளையை விலக்க விலக்க, நான் கிள்ளானில் பார்த்த சீட்டை நானே அச்சு அசலாகச் செய்துகொண்டிருக்கிறேன். கடைசித் தடம் நின்ற அந்தக் கோட்டுக்குக் கீழே ஒரே ஒரு தடம் விழுந்தால் போதும். அப்புறம் அது வேறு சீட், வேறு பிள்ளை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து பிரிக்ஃபீல்ட்ஸில் சாப்பிடப் போகலாம் என்று நானே சொன்னேன். வேலு என்னைப் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்தான். கால்வினை அவன் இடத்தில் உட்கார வைத்து, பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்து மாட்டினேன். வேலு ஊர்ந்தான். நானூறு குதிரையும் ஆமை மாதிரி போயிற்று. நான் முதுகைச் சீட்டில் அழுத்திக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"கால்வின், ஏன்டா சும்மா இருக்கே?"

"நான் கிக் பண்ணலம்மா. குட் பாய்."

நான்தானே அடக்கி வைத்தேன். "இல்லடா தங்கம், உதை. அம்மா திட்ட மாட்டேன். நல்லா உதை."

அவன் நம்பவில்லை. அப்பாவைப் பார்த்தான். வேலு கண்ணாடியில் தலையாட்டினான். அவ்வளவுதான், குஷி தாங்கவில்லை பயலுக்கு. தொப் தொப்பென்று என் முதுகு அதிர்ந்தது. எனக்கு அந்த இடம் தெரியும். எல்லாம் கோட்டிலேயே, கோட்டுக்கு மேலேயே விழுந்தன.

"இன்னும் கீழடா. காலத் தொங்கப்போட்டு, கீழ உதை."

மூச்சு வாங்க முயற்சி செய்தான். பெல்ட்டுக்குள் சரிந்து, காலை நீட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு உதைப்பது கேட்டது. மறுபடி அதே இடம்.

"எட்டலம்மா" என்றான். "நான் பெரிய பையனானதும் உதைக்கிறேன், ஓகே?"

வேலு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "ஓகேடா" என்று சொன்னேன். முதுகை மட்டும் சீட்டிலிருந்து எடுக்கவில்லை.