சொட்டு நின்ற குகை

அக்காவின் கணவரை அவள் மாமா என்பாள். அவர் அவளைக் கல்லு டாக்டர் என்பார். அவருடைய எலுமிச்சைத் தோட்டத்துக்கு மேலிருந்த குகையில்தான் அவளது ஆராய்ச்சி. அந்தப் பாறைக்குள் இறங்கும் மழைநீர்தான் தோட்டத்துக் கிணற்றிலும் ஊறியது. குகைக் கூரையிலிருந்து சொட்டுகிற நீர், கொண்டுவந்த சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படியவிட்டுத் தரையில் தூண்களை வளர்த்திருந்தது. அதில் ஒன்றை எடுத்துவந்து ஆய்வுக்கூடத்தில் நீளவாக்கில் அறுத்தாள். பழைய மழைக்காலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்தன. நடுவில் தூசியேறிய ஒரு பழுப்புக் கோடு. அங்கே சொட்டு நின்றுபோயிருக்கிறது. கோட்டுக்குக் கீழும் மேலும் பொடி சுரண்டி வயது கணக்கிட்டாள். இடைவெளி ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள். மனம் கேட்காமல் இன்னொரு முறை செய்து பார்த்தாள். அதே விடைதான்.

அந்த வாரமே மாமா போன் செய்தார்.

"நீ வெச்சுட்டுப் போன சொட்டு எண்ணுற மெஷின் ரிப்பேர்மா. ஒண்ணுமே காட்ட மாட்டேங்குது. பேட்டரிகூட மாத்திப் பார்த்துட்டேன்."

மறுநாள் இருவரும் குகைக்குள் போனார்கள். தன் பாட்டிலிலிருந்து ஒரு துளி விட்டாள். மெஷின் எண்ணியது. மாமா டார்ச்சைக் கூரைப் பக்கம் திருப்பினார். பாறை காய்ந்து கிடந்தது.

"இதுக்கு முன்னாடி நின்னிருக்கா?"

"ஒரு தடவை மாமா."

"எப்ப திரும்பி வந்துச்சு?"

சொன்னாள். அவர் சிரித்துவிட்டார். "அதுவரைக்கும் செடிக்கு யாரு தண்ணி ஊத்துறது?" அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவர் குரல் இறங்கியது. "அப்ப, இப்பவும் அப்படித்தானா?"

"தெரியல மாமா. அடுத்த மழைக்கே சொட்டலாம். சொட்டாமலும் போகலாம். கல்லு நடந்ததைத்தான் சொல்லும்."

வீட்டில் அக்கா விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவ்வளவு படிச்சிருக்கியே, ஒரே ஒரு வார்த்தை சொல்லுடி. நாங்க இருக்கட்டுமா, கிளம்பட்டுமா?"

எதைச் சொன்னாலும் அந்த வீடு அதை நம்பிவிடும். அந்த நம்பிக்கையைத் தாங்க அவளிடம் ஒன்றும் இல்லை. அக்கா கையை விட்டாள்.

காலையில் மாமா சொல்லிவைத்திருந்த போர் போடும் லாரி தோட்டத்துக்கு வந்தது. நண்பகல்வரை வெள்ளைப் பொடிதான் புகையாய்க் கிளம்பியது. இனி இறக்குவதற்கு லாரியில் குழாய் இல்லையென்று டிரைவர் கை விரித்தார்.

"இன்னும் கொஞ்சம் இறக்குங்க, கிடைக்கும்," என்று மாமா மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அவரைக் கூப்பிட்டு உட்கார வைக்கக்கூட அவளுக்குத் துணிவில்லை. எலுமிச்சை இலைகளில் படிந்த பொடியை அக்கா ஈரத்துணியால் துடைக்கத் தொடங்கினாள். அவளும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு அடுத்த செடிக்குப் போனாள்.