பின்வண்டியில் டீசல்

வாடிக்கையாளர் லேசாக முகம் சுளித்தால் போதும், என் கணவருக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. அந்தக் குணத்துக்காகவே எங்களைத் தேடி வந்தவர்களும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். பெட்ரோல் பங்க்கே இல்லாத பொட்டல் காட்டில், நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிகளில் ஆட்களைக் கூட்டிப் போய் வருவதுதான் எங்கள் பிழைப்பு. முன்வண்டியை அவர் ஓட்டுவார், பக்கத்தில் நான். பின்வண்டியை என் தம்பி ஓட்டுவான். டீசல் கேன்களை எப்போதும் இரண்டு வண்டிகளிலும் பாதிப் பாதியாகப் பிரித்துக் கட்டுவோம்.

அந்தத் தடவை வந்தது ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும். கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே அந்த அம்மாவுக்கு டீசல் வாடையில் தலைவலி. மூடிகள் இறுக்கமாகத்தான் இருந்தன, நானே திருகிப் பார்த்தேன். ஊரார் வாயையெல்லாம் முகர்ந்து பார்க்கிற வீட்டில் டீசலுக்கா தலைவலி என்று தம்பி என் காதில் முணுமுணுத்தான். சிரிப்பை அடக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அதற்குள் இவர் எங்கள் கேன்களையெல்லாம் இறக்கி, தம்பி வண்டியின் மேல் கேரியரில் ஏற்றச் சொல்லிவிட்டார்.

"பாதியாவது உங்ககிட்ட இருக்கட்டும் மாமா. மேல இவ்வளவு ஏத்துனா வண்டி ஆடும்" என்றான் தம்பி.

நீ என்ன புதிதாகவா ஓட்டுகிறாய் என்று அவன் வாயை அடைத்துவிட்டார்.

புழுதி கண்ணை மறைக்கும் என்பதால் பின்வண்டி நன்றாகத் தள்ளித்தான் வரும். மதியம் ஒரு காய்ந்த ஓடையில் நிறுத்தி டீசல் ஊற்றிக்கொள்வதாகப் பேச்சு. நாங்கள் போய் நின்றோம், சாப்பிட்டோம், கை கழுவினோம். தம்பி வரவில்லை. வாக்கி டாக்கியில் வெறும் இரைச்சல்தான் கேட்டது.

டேங்கில் இருந்தது ஒரு பக்கம் போகத்தான் காணும். திரும்பிப் போய் அவனைத் தேடலாம். இல்லையென்றால் ஏசியை அணைத்துவிட்டு, உருட்டிக்கொண்டே காட்டைத் தாண்டியதும் வரும் பங்க்குக்குப் போய்ச் சேரலாம். திரும்புங்கள் என்று கெஞ்சினேன். ஏதோ கோளாறு என்று அவன் கிளம்பிய இடத்துக்கே போயிருப்பான், நாம் போய் அவன் இல்லையென்றால் இவர்களையும் வைத்துக்கொண்டு நடுக்காட்டில் நிற்க வேண்டியதுதான் என்றார்.

"டீசல் மொத்தமும் அவன்கிட்ட இருக்கு. அவனுக்கென்ன குறை?"

நான் நடந்தே போகிறேன் என்று கதவைத் திறந்தேன். பைத்தியமா உனக்கு என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார். எதுவானாலும் சீக்கிரம் முடிவெடுங்கள் என்றார் பல் டாக்டர். வண்டி முன்னால் போயிற்று. வழி நெடுக நான் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

பங்க்கில் டேங்கை நிரப்பி, அவர்களை ஒரு விடுதியில் விட்டு, கிரேன் வண்டிக்காரர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு ஓடைக்குத் திரும்பியபோது மறுநாள் வெயில் ஏறியிருந்தது.

ஓடையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தம்பி பாதையிலேயே குப்புறக் கிடந்தான். சட்டையில் ரத்தம் காய்ந்திருந்தது. தொட்ட உடனே தெரிந்துவிட்டது. நான் கத்தினேன், பிறகு கத்தவும் தெம்பில்லை. அவன் பக்கத்தில் ஒரு டீசல் கேன், தளும்பத் தளும்ப. தோளில் மாட்டக் கயிறு கட்டியிருந்தான்.

வெகுதூரம் போன பிறகுதான் அவன் வண்டியைக் கண்டோம். ஒரு வளைவில் தலைகீழாகக் கவிழ்ந்து கிடந்தது. உள்ளே தண்ணீர் கேன்கள் ஒன்றுகூட உடையவில்லை. கிரேன்காரர் அதைப் பார்த்துவிட்டு எங்களிடம் வந்தார்.

"இவ்வளவு தண்ணிய விட்டுட்டு, அடிபட்ட உடம்போட டீசலத் தூக்கிட்டு நடந்திருக்காரே. எதுக்குங்க?"

இவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான்தான் சொன்னேன்.

"டீசல் இல்லாம நாங்க அங்கயே நிப்போம்னு நினைச்சிருக்கான்."