நீலத் தொட்டி

எங்கள் குடியிருப்பில் குப்பைத்தொட்டி என்று பேச்சு வந்தால் என் பெயர்தான் முதலில் அடிபடும். மாடியில் இருப்பவர்கள்கூட இறங்கி வந்து, "உங்க தொட்டி மட்டும் எப்படிக்கா நாறவே மாட்டேங்குது?" என்று கேட்பார்கள். கேட்டுவிட்டால் போதும், எனக்குத் தலைகால் புரியாது. அடியில் நாலு மடிப்பு செய்தித்தாள் போடணும், காய்த்தோலை ஈரம் வடியவிட்டுத்தான் கொட்டணும், வாரம் ஒரு தடவை வினிகர் ஊற்றிக் கழுவி வெயிலில் கவிழ்க்கணும், காய்ந்ததும் சோடா உப்பு தூவணும் என்று அளப்பேன். என் வீட்டுக்காரர், "பேசாம எனக்கு அதுலயே சோத்தைப் போட்டுடு" என்பார்.

சொன்னதெல்லாம் உண்மைதான். மீன் கழிவைப் பற்றி மட்டும் நான் வாயே திறந்ததில்லை.

குப்பை வண்டி திங்களும் வியாழனும் காலையில் வரும். இவர் மீன் வாங்கி வருவது வியாழன் சாயங்காலம். செதிலும் குடலும் திங்கள் வரை கிடந்தால் எந்த வினிகரும் செல்லாது. காகிதத்தில் சுற்றி ஃப்ரீசரில் வைத்திருந்து, வண்டி வருகிற அன்று எடுத்துப் போடலாம். அது எனக்குத் தெரியாமல் இல்லை. என் ஃப்ரீசரில் குப்பையா என்று அருவருப்பு.

மாடிப்படிக்குக் கீழே என் பச்சைத் தொட்டியை ஒட்டி கண்டக்டர் சாரின் நீலத் தொட்டி இருக்கும். எதிர்வீட்டுக்காரர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி போனபின் தனியாக இருக்கிறார். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவருக்கு வாசனையே தெரியாது. ஒரு நாள் என் மீன் பை ஒழுகியது. அவசரத்துக்கு அவர் தொட்டியில் போட்டேன். மறு வாரம் அவசரம் இல்லாமலே போட்டேன். மூக்கு வேலை செய்யாத மனுஷனுக்கு நாற்றத்தால் என்ன நஷ்டம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்படியே இரண்டு மாதம் ஓடியது.

வெயில் ஏற ஏற ஈ மொய்த்தது. மாடிக்காரர்கள் முணுமுணுத்து, கடைசியில் அவர் மகளுக்கு போன் போட்டார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் பெண், லீவு போட்டுவிட்டு வந்தாள். வந்தவள் நேரே நீலத் தொட்டியின் மூடியைத் தூக்கினாள். வெள்ளை வெள்ளையாகப் புழு நெளிந்தது.

"என்னப்பா இது?"

"மீன் குடல் மாதிரி இருக்கு. நான் மீனே வாங்கறதில்லையேம்மா."

"உங்க தொட்டியில வேற யாருப்பா வந்து போடுவாங்க?"

நான் அங்கேதான் துடைப்பத்தோடு நின்றிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. நான் மீன் வாங்கிட்டு வந்து என்னிக்காவது பாத்திருக்கியா?"

"எப்பவாவது வாங்கியிருப்பீங்க சார். மறந்திருக்கும்."

படுபாவி நான். நாக்கு கூசவே இல்லை. நெரிசலான பஸ்ஸில் எவன் டிக்கெட் வாங்கவில்லை என்று முகத்தை வைத்தே சொல்லும் ஞாபகசக்தி அவருக்கு. அந்த மனுஷன் என் ஒரு வார்த்தையில் தடுமாறிப்போனார்.

அதற்குப் பிறகு நான் ஒரு செதிலைக்கூட அங்கே போடவில்லை. ஆனால் அவர் மூடியின் மேல் ஒரு காகிதம் ஒட்டி, போடுவதையெல்லாம் எழுத ஆரம்பித்தார். 'காலை: டீத்தூள், வாழைப்பழத் தோல். மதியம்: ஒன்றுமில்லை.' என்னைப் பார்த்தபோது, "ரெண்டு மாசமா மீன் தின்னிருக்கேன், ஒரு வாய்கூட ஞாபகம் இல்லம்மா" என்று மெதுவாகச் சொன்னார். சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை அவர் கதவு வரை போய், மாடிக்காரர்கள் காறித் துப்புவார்களே என்று திரும்பி வந்தேன்.

பத்தாம் நாள் மகள் பெட்டிகளைக் கட்டிவிட்டாள். "இனிமே இவரைத் தனியா விட முடியாதுக்கா. கேஸை மூட மறந்தா வாசனைகூடத் தெரியாது." அவர் வாசலைப் பிடித்துக்கொண்டு, "நான் இங்கயே இருந்துக்கறேனே" என்று கெஞ்சினார். டாக்சி வந்து நின்றது. மாடிக்காரர்கள் நாலைந்து பேர் வழியனுப்ப இறங்கியிருந்தார்கள். இனியும் சும்மா இருந்தால் நான் மனுஷியே இல்லை.

"அவரைக் கூட்டிட்டுப் போகாதம்மா. அது என் வீட்டு மீன். நான்தான் ரெண்டு மாசமா அவர் தொட்டியில போட்டேன். அவருக்கு ஒரு மறதியும் இல்ல."

மகள் என்னையே பார்த்தாள். பிறகு கண் கலங்கிச் சிரித்தாள். "பத்து நாளா உங்க தொட்டியைப் பாக்கறேனேக்கா. நீங்களாவது, இப்படிச் செய்யறதாவது."

"சத்தியமா நான்தான்."

மாடிக்காரர்களும் தலையை ஆட்டிக்கொண்டு சிரித்தார்கள். ஒருவர்கூட நம்பவில்லை. நான் அவர் கையைப் பிடித்தேன். "சார், நீங்களாவது நம்புங்க. நீங்க மீன் வாங்கவே இல்ல."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். பிறகு என் தலையில் கை வைத்தார்.

"நல்ல பொண்ணும்மா நீ. எனக்காக நாலு பேர் எதிர்ல உன் பேரைக் கெடுத்துக்கப் பாக்கறே."

தானாகவே போய் டாக்சியில் ஏறி உட்கார்ந்தார்.