மீறவேண்டிய விளக்கு

“லைட்டைப் போடன் ரூபி! இருட்டுக்கை நிண்டுகொண்டு என்ன செய்யிறாய்?” எண்டு கேட்டபடி அண்ணன் ரதீசன் உள்ளே வந்த அந்த வெள்ளி மாலையில், ஹரோ நகரத்துக் கூரைகளின் மேலே மாரிப்பனி வெண்துகிலாய்ப் படிய, தொலைவில் தொடருந்து ஒண்டு ஒளிமணி கோத்த ஆரம்போல ஊர்ந்து மறைய, பொழுதும் பட்டு, யூதரின் ஓய்வுநாள் பிறந்துவிட்டிருந்தது. சிவரூபினியின் விரலோ, மின்விளக்கின் ஆளியைத் தொட்டபடி, கல்லில் செதுக்கினதுபோல அசையாமல் நிண்டது.

கடவுள் இல்லை எண்டு அண்ணனோடு சேர்ந்து வாதாடி வளர்ந்து, வீட்டிலே எல்லாரும் விரதமிருந்த நாளில் களவாய் மட்டன் றோல்ஸ் திண்டு சிரித்தவள் அவள். பக்கத்து வீட்டு யூதக் குடும்பத்தின் விருந்து மேசைக்கும் வாதாடத்தான் போனாள். போன இடத்தில், கடவுளோடையே வழக்காடியும் அவரைக் கைவிடாத மனிதரைக் கண்டு, தன் மறுப்புக் கொஞ்சம் கொஞ்சமாய்க் கரைய, இப்போ அவர்களின் குருவிடம் சமயம் மாறப் படிக்கிறாள். அந்தக் குரு சொன்ன விதியோ விந்தையானது! ஓய்வுநாளில் விளக்கேற்றுவது, மின்விளக்கின் ஆளியை அழுத்துவதுகூட, யூதருக்கு விலக்கு. ஆனால் யூதராய் ஆகும்வரை அந்நாளை முழுதாய்க் காக்கும் உரிமை அவளுக்கு இல்லை, விலக்குகளில் ஒண்டையாவது மீறியே ஆகவேணும், மீறாவிட்டால் படிப்பே நிண்டுபோகும். கிழமைக்குக் கிழமை சிரித்துக்கொண்டே விளக்கைப் போட்டவளுக்கு, இண்டைக்கு அது முடியவில்லை.

“ஏலாமக் கிடக்கண்ணா. கை கேக்குதில்லை.”

“விசரே உனக்கு? உது வெறும் சுவிட்ச்! தள்ளு, நான் போடுறன்.”

“ஐயோ வேண்டாம்! நீ போட்டா நான் முழுசாக் காத்தமாதிரிப் போயிடும். நான்தான் மீறவேணும்.”

ரதீசன் நீட்டின கை அந்தரத்திலேயே நிண்டது. “அப்ப… உண்மையாவே நம்புறியோ? நான் நீ பகிடிக்குப் போறாய் எண்டெல்லோ இருந்தனான்!”

“நானும் இவ்வளவு நாளும் அப்பிடித்தான் நினைச்சிருந்தனோ தெரியேல்லை,” எண்டாள் அவள், தன் நெஞ்சுக்குள் யாரோ ஏற்கெனவே குடிவந்திருந்ததை அந்தக் கணத்தில்தான் கண்டவள்போல.

பிறகு கண்ணை இறுக மூடி, உதட்டைக் கடித்து, ஆளியை அழுத்தினாள். கூடமெங்கும் ஒளி பாய, திருடி அகப்பட்டவள்போலக் கையைப் பின்னாலே மறைத்து அவள் அழ, எப்போதும் நக்கலடிக்கிற அண்ணன் தன் கைலேஞ்சியை எடுத்து நீட்டினான். ஒரு காலத்தில் ஒண்டுமே இல்லாத ஆளி, இண்டைக்கு அவளுக்கு மலையளவு பாரம்! கடவுளுக்குக் கீழ்ப்படிய எண்டே அவருடைய நாளை உடைத்தாளே, அந்த விரல் செய்தது பணிவோ, பாவமோ? சொல்லுங்கோ, நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?