நடுவில் நிற்கும் முள்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியது அல்ல, என் மனைவியிடமிருந்து சுட்டது. அவளுக்கும் அது தெரியும். வாஷிங் மெஷின்களுக்குக் கையேடு எழுதுவது என் பிழைப்பு. 'மூடியைத் திறக்கும் முன் சுவிட்சை அணைக்கவும்' என்பதுதான் நான் எழுதியதிலேயே அதிகம் அச்சான வாக்கியம். அதையும் யாரும் படிப்பதில்லை என்கிறாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'உலகத்துக் கணினிகள் எல்லாமே பொய் சொல்கின்றன, ஏனென்றால் வாழ்க்கை ஆம், இல்லை என்ற இரண்டுக்குள்—'

[இதற்கு மேல் எழுத எனக்கே கூச்சமாகிவிட்டது. ஆனாலும் அடிக்கவில்லை, கிடக்கட்டும்.]

2

சாதாரணக் கணினிக்கு இரண்டே நிலைதான். கம்பியில் மின்னழுத்தம் மேலே இருந்தால் ஒன்று, கீழே இருந்தால் பூஜ்யம். என் மனைவி ஒரு கம்பெனியின் மாடியில், ஜெனரேட்டருக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து செய்கிற கணினியில் நடுவிலும் ஒரு நிலை உண்டு. மூன்று நிலை இருந்தால் அதே கணக்கைக் குறைந்த கம்பிகளில் போட்டுவிடலாம் என்பது அவள் கட்சி.

அந்த நடு நிலைக்கு நான் 'ஒருவேளை' என்று பெயர் வைத்தேன். ஆம், இல்லை, ஒருவேளை. கதைக்கு அல்வா மாதிரி வந்து விழுந்தது. இன்று காலை சமையலறையில் நின்றபடியே டீயும் கையுமாகப் படித்தவள் சரியாக அந்த இடத்தில் நிறுத்தினாள்.

"ஒருவேளைன்னு உனக்கு யார் சொன்னா? தராசு பாத்திருக்கல்ல?"

பார்த்திருக்கிறேன் என்றேன். ஒன்று, மூன்று, ஒன்பது, இருபத்தேழு கிலோ என நாலே நாலு எடைக்கல் இருந்தால் போதும், நாற்பது கிலோ வரை எந்த முழு எடையையும் நிறுத்துவிடலாம் என்றாள். கல்லை எதிர்த்தட்டில் வைக்கலாம், சரக்குப் பக்கமும் வைக்கலாம், தேவையில்லாத கல்லை மேசைமேலேயே விட்டுவிடலாம். இரண்டு கிலோ வேண்டுமானால் மூன்றை எதிரே வைத்து ஒன்றைச் சரக்கோடு வைக்க வேண்டும். (ஏழு கிலோ வரை நான் விரல் விட்டுப் பார்த்தேன், வருகிறது. மிச்சத்தை நீங்கள் பாருங்கள், எனக்கு வேலை இருக்கிறது.)

"மேசை மேல இருக்கிற கல்லு என்ன குழம்பிப் போயா உக்காந்திருக்கு? அந்தக் கணக்குக்கு அது அங்கதான் இருக்கணும். நடுன்னா சந்தேகம் இல்லப்பா. அதுவும் ஒரு எண்ணுதான். என் கம்பில மேல இருந்தா கூட்டல் ஒன்னு, கீழ இருந்தா கழித்தல் ஒன்னு, நடுவுல பூஜ்யம்."

அல்வா போயிற்று.

3

கதைக்கு ஒரு வில்லன் வேண்டுமே என்று டெஸ்டரைப் பிடித்தேன். அந்தக் கம்பெனியில் தயாராகும் மின்பலகைகளை எல்லாம் சோதித்துப் பார்ப்பவர். சட்டைப்பையில் மீட்டர் இல்லாமல் கல்யாணத்துக்குக்கூடப் போக மாட்டார் என்பதால் அந்தப் பட்டப்பெயர். போன முறை இவள் இயந்திரத்தை ஓட்டிக் காட்டியபோது அவர் ஒரு கம்பியில் மீட்டரை வைத்தார். முள் நடுவில் போய் நின்றது. அவர் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: எங்கேயோ இணைப்பு விட்டிருக்கிறது. ஏதோ கோளாறும்மா, பாத்துக்கோங்க என்று பிரியமாகவே சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

முதல் வரைவில் அவருக்கு ஒரு முரட்டு மீசை வைத்திருந்தேன். காலையில் அதற்கும் திட்டு விழுந்தது. அவர் நல்ல மனிதர், வாழ்நாள் முழுக்க முள் நடுவில் நின்றபோதெல்லாம் அது கோளாறாகத்தான் இருந்திருக்கிறது, வேறு என்ன சொல்வார் என்றாள். மீசையை எடுத்துவிட்டேன். மீசை போனதும் எனக்கும் அவரைப் பிடித்துப்போய்விட்டது, அதுதான் சிக்கல்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. துணி மடித்தாள், ஏற்கெனவே மடித்து வைத்ததையெல்லாம் உதறித் திரும்ப மடித்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது.)

4

இன்று இரண்டாவது முறை, கடைசி முறையும்கூட. தேறாவிட்டால் அந்த அறையில் உடைந்த நாற்காலிகளைப் போட்டுவிடுவார்கள். அவளுக்குக் கீழ்த்தளத்தில் சாதாரணப் பலகைகளைப் பழுது பார்க்கும் மேசை.

இந்த முறை அவள் வாயே திறக்கப் போவதில்லை. டெஸ்டரே தனக்குப் பிடித்த இரண்டு எண்களைச் சொல்வார், இயந்திரம் கூட்டும், அவரே தன் மீட்டரைக் கம்பி கம்பியாக வைத்துப் படித்துக்கொள்ளலாம். முள் நடுவில் நிற்கிற இடத்தில் அவர் பூஜ்யம் என்று எழுதினால் விடை சரியாக வரும். கோளாறு என்று எழுதினால் வராது. ஒரு மனிதர் ஒரே ஒரு தடவை தன் கையை அப்படி எழுத விட வேண்டும், அவ்வளவுதான் வேண்டியது.

செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"வேண்டாம்னு சொல்லட்டும், தாங்கிக்குவேன். கோளாறுன்னு மட்டும் சொல்லிடக் கூடாது."

5

முடிவு அ: கையில் இனிப்புப் பெட்டியோடு வருகிறாள். [தனக்காக ஒருநாளும் இனிப்பு வாங்காதவள். பொய்.]

முடிவு ஆ: அட்டைப்பெட்டியில் சால்டரிங் அயர்னும் தன் டீக் கோப்பையுமாக வருகிறாள், நான் ஓடிப்போய் அந்தப் பெட்டியை—

[முடியவில்லை. எழுதினால் பலித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.]

முடிவு இ: நீங்கள் எதிர்பார்ப்பது எனக்குத் தெரியும். மூன்றாவது நிலை, அல்லவா? வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை, முள் நடுவில் நிற்கிறது, கதை முற்றும். எழுதிவிட்டுத்தான் அடித்தேன். எனக்கு இன்னும் தெரியாமல் இருப்பதற்கு நடு நிலை என்று பெயர் சூட்டினால் டெஸ்டர் செய்த அதே தப்பைத் தலைகீழாக நானும் செய்தவனாவேன். அவளுக்கு முடிவு தெரிந்திருக்கும் இந்நேரம். எனக்குத்தான் தெரியாது. இதற்குப் பெயர் பயம்.

6

படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது. அவளுடையதுதான். வேகமாகவும் இல்லை, தயங்கியும் இல்லை. சத்தத்தை வைத்து மனசைக் கண்டுபிடிக்கிற ஆள் நான் இல்லை என்று இத்தனை வருஷக் குடித்தனத்தில் நிரூபணமாகிவிட்டது.

நான் எழுந்துகொள்ள வேண்டும். வாசலில் நிற்பவளைப் பார்த்துக்கொண்டே கதையும் எழுத என்னால் ஆகாது. மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அறையை அவளுக்கே கொடுங்கள், இல்லை, நாற்காலிகளைப் போடுங்கள், உங்கள் இஷ்டம். டெஸ்டர் என்ன எழுதினார் என்பதை மட்டும் எழுதும் முன் கொஞ்சம் யோசியுங்கள்.

இப்போது பேனா உங்கள் கையில். நான் போய்க் கதவைத் திறக்கிறேன்.