டெஸ் நோஸ்கியைத் தரையில் நிறுத்த ஆள் போதாத வருஷம்

பிப்ரவரி மாதம் இரண்டாவது சனிக்கிழமை, பின்யாரா களிமண் பந்தயத் தடத்தில் நாற்பத்தொரு பேர் பார்த்துக்கொண்டிருந்தபோது, டெஸ் நோஸ்கியின் கார் மூன்றாவது வளைவில் தரையை விட்டு ஒன்றரை மீட்டர் எழும்பி, பாக்கி நான்கு சுற்றுகளையும் அதே உயரத்தில் ஓடி முடித்து முதலாவதாக வந்தது. அன்றைக்கு வெயில் முப்பத்தெட்டு டிகிரி. கேன்டீனில் டிம் சிம் என்னும் பொரித்த கொழுக்கட்டை தீர்ந்துவிட்டது, சிப்ஸ் மிஞ்சியது. இரண்டாவதாக வந்தவர் ஆட்சேபம் எழுப்பினார். விதிப் புத்தகத்தைப் புரட்டினால் காரின் எடைக்கு வரம்பு இருந்தது, டயரின் அகலத்துக்கு இருந்தது, ஓட்டுபவர் தலைக்கு மேல் இருக்கும் தகர இறக்கையின் அளவுக்கும் இருந்தது. உயரத்துக்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை. ஆகவே வெற்றி செல்லும் என்று தீர்ப்பானது. காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கத்தானே அந்த இறக்கையே வைத்திருக்கிறது என்று யாரோ கேட்டார்கள். இறக்கைக்கு அன்று லீவு போலிருக்கிறது என்று விட்டுவிட்டோம்.

உண்மையில் எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது கார் பறந்தது இல்லை, ஆட்சேபத்துக்குச் சாட்சிக் கையெழுத்து வாங்கியபோது தெரியவந்த அந்த நாற்பத்தொன்றுதான். அதுவரை எண்ணூறு பேர் வருகிறார்கள் என்றே நம்பிக்கொண்டிருந்தோம். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பந்தய நாள் காலையில் வந்து, தடத்தைச் சுற்றியுள்ள மேட்டுப் புல்லில் தன் கம்பளியை விரித்துவிட்டுப் போனால், அந்த இடம் ராத்திரி வரை அந்தக் குடும்பத்துடையது. அடுத்தவர் கம்பளியை மிதிக்கக் கூடாது, நகர்த்தக் கூடாது, காற்று அதன் ஓரத்தைப் புரட்டிப் போட்டால் குனிந்து சரி செய்யவும் கூடாது. கட்டிய மனைவியை விட்டு ஓடிப் போனவர்களை ஊர் மன்னித்திருக்கிறது. கம்பளியை நகர்த்தியவர் ஒருவர் அடுத்த மாநிலத்துக்கே குடிபெயர வேண்டியிருந்தது. அறிவிப்பாளர் கெவ் ஷிர்மர் தன் கூண்டில் இருந்தபடியே கம்பளிகளை எண்ணுவார். ஒன்றுக்கு நாலு பேர் என்று பெருக்கி, "இன்னிக்கு எண்ணூத்தி நாப்பத்தெட்டு பேர்!" என்று ஒலிபெருக்கியில் முழங்குவார். சீசன் பாஸ் வந்த பிறகு வாசலில் ஆள் உட்காருவதும் நின்றுபோனதால் வேறு கணக்கே கிடையாது. பந்தயம் கைபேசியில் நேரலையாக வர ஆரம்பித்ததும் ஜனங்கள் காலையில் கடமையாக வந்து கம்பளியை விரித்தார்கள், வீட்டுக்குப் போனார்கள், ஏசி போட்டுக்கொண்டு சோபாவில் சாய்ந்து கைபேசியில் பார்த்தார்கள். நிஜமாகவே வந்த கொஞ்சம் பேருக்கு உட்கார இடம் இல்லை. கழிப்பறை ஓரத்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இப்படியே ஆறு வருஷம் ஓடியது.

கெவ் இரண்டு வாரம் யோசித்து விஷயத்தைக் கண்டுபிடித்தார். பார்வைக்கு எடை இருக்கிறது. ஒரு ஆள் பார்த்தால் ஏதோ கொஞ்சம், நூறு பேர் பார்த்தால் ஒரு மூட்டை கோதுமை. இத்தனை வருஷம் கார்களைத் தரையில் பிடித்து வைத்திருந்தது அதுதான். கைபேசியில் பார்ப்பதற்கு எடை கிடையாது. அன்று இரண்டாயிரம் பேர் அப்படிப் பார்த்தும் கார் எழும்பத்தானே செய்தது. மற்ற கார்களும் எழும்பின, ஆனால் ஒரு சாண் அளவுதான், ஏனென்றால் அவரவர் மனைவி, பிள்ளை, மச்சான் என்று யாராவது கார்களைப் பழுதுபார்க்கும் பிட்டில் நின்று கண் கொட்டாமல் பார்த்தார்கள். டெஸ்ஸுக்கு அப்படி யாரும் இல்லை. அவருக்கு இருந்தது மனைவி மார்லீன் ஒருத்திதான். அவள் கேன்டீனில் தடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சிப்ஸ் பொரித்துக்கொண்டிருந்தாள்.

மார்லீன் தன் கணவரின் பந்தயத்தை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போது, வேலியோரம் நின்று ஆசை ஆசையாகப் பார்த்தாள். அவள் பார்த்த அந்த நிமிஷம் கார் புரண்டது, ஏழு தடவை. டெஸ் இரண்டு விலா எலும்பு முறிந்து, மோதிர விரல் வீங்கி, மோதிரம் ஏறாமலே கல்யாணம் செய்துகொண்டார். தன் கண்தான் பட்டுவிட்டது என்று மார்லீன் முடிவு செய்துவிட்டாள். அன்றிலிருந்து அவர் ஓட்டும்போது அவள் எண்ணெய்ச் சட்டியைத் தவிர எதையும் பார்ப்பதில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் டெஸ், "எப்படி ஓட்டினேன்?" என்பார். அவளும், "சிப்ஸ் நல்லா போச்சு" என்பாள்.

முதல் தடவை பறந்ததற்கு அடுத்த சனிக்கிழமை முப்பத்து மூன்று பேர் வந்தார்கள். டெஸ் விளக்குக் கம்பத்தின் உயரத்துக்குப் போனார். அதற்கடுத்த வாரம் பத்தொன்பது பேர். அவர் ரோஜா நிறக் காலாக் கிளிக் கூட்டத்துக்கு நடுவே புகுந்து ஓட்டினார், கிளிகள் முதலில் கத்தின, பிறகு பின்னாலேயே சுற்ற ஆரம்பித்தன. நேரலைக் கேமரா தரையைப் பார்த்தே மாட்டியிருந்ததால் வீட்டில் இருந்தவர்களுக்கு ஒரு நிழல் தடத்தைச் சுற்றுவதுதான் தெரிந்தது. படம் சரியில்லை என்று முப்பது பேர் புகார் எழுதினார்கள். அந்த வாரம் பந்தயம் முடிந்தும் கார் இறங்க மனசில்லாமல் மிதந்து போய், பிட்ஸ்னர் குடும்பத்தின் பருப்பு வயலில் இறங்கியது. மார்லீன்தான் பின்புறம் திறந்த யூட் வண்டியை எடுத்துக்கொண்டு போய் அழைத்து வந்தாள்.

"என்னய்யா இது, அம்பத்தேழு வயசுல?" என்றாள்.

"மார்லீன், மேல போனா களிமண் மூஞ்சில அடிக்கவே மாட்டேங்குது. வளைவுல வழுக்கல. எப்படி இருக்கு தெரியுமா!"

"பத்தொம்பது பேருக்கே வயக்காடு. நாளைக்கு ஒருத்தனும் வரலன்னா எங்க போய் உன்னைத் தேடறது? யூட்டு மேகத்துல ஏறுமா?"

"அப்ப ஓட்டறத நிறுத்தவா?"

மார்லீன் யூட்டைக் கிளப்பினாள். ஓட்டாத சனிக்கிழமைகளில் டெஸ் எப்படி இருப்பார் என்று அவளுக்குத் தெரியும். மழை பெய்து பந்தயம் ரத்தான நாட்களில் புல் வெட்டும் இயந்திரத்தின் மேல் ஏறி, அதை ஓட்டாமலே உட்கார்ந்திருப்பார். அவள் அவரை அப்படியும் பார்க்க விரும்பவில்லை, வானத்தில் இழக்கவும் விரும்பவில்லை. கியர் மாற்றும்போது அவளுக்கு இரண்டு தடவை தவறியது.

கெவ் கேன்டீன் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நேராகவே சொன்னார்: "இதுக்கு ஊரையே கூப்பிடணும்னு இல்ல. நீ ஒருத்தி திரும்பிப் பாரு, போதும்."

"நான் பாத்தா உருளுவான்."

"அது தொண்ணூறுகள்ல, மார்லீன். அன்னிக்கு டயர் வெடிச்சுது."

"நான் பாத்ததாலதான் வெடிச்சுது. சிப்ஸுல கோழி மசாலா உப்பு போடவா, வேண்டாமா? பின்னால ஆள் நிக்குது." பின்னால் யாரும் நிற்கவில்லை.

மார்ச் முதல் சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, எங்கள் ஊர் வரலாற்றில் யாரும் செய்யாத காரியத்தை மார்லீன் நோஸ்கி செய்தாள். மேட்டில் ஏறி, இருநூற்றுப் பன்னிரண்டு கம்பளிகளையும் ஒவ்வொன்றாக மடித்து, யூட்டில் அடுக்கி, கேன்டீன் கொட்டகையில் போட்டுப் பூட்டினாள். சாவியை எண்ணெய்ச் சட்டிக்கு மேலே ஆணியில் மாட்டினாள். கதவில் ஒரு அட்டை தொங்கியது: கம்பளி வேண்டுவோர் இன்று ஐந்தாவது ஓட்டம் முடிந்த பின் நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும், ஒரு கம்பளிக்கு நாலு பேர் வர வேண்டும். சேதி மதியத்துக்குள் நாற்பது கிலோமீட்டர் சுற்றளவுக்குப் பரவியது. நேரலை தொடங்குமுன்பே வண்டிகள் வரிசை கட்டின. ஆறு வருஷமாகத் தடத்தை எட்டிப் பார்க்காதவர்கள் முகம் சிவக்க, கைக்குழந்தையோடு, ஊன்றுகோலோடு, நாலு பேர் தேறாத வீட்டில் விருந்தாளியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். கெவ் முதல்முறையாகத் தலைகளை எண்ணினார். எழுநூற்றுப் பதின்மூன்று.

"எங்கம்மா காலத்துக் கம்பளி அது!" என்று பெரில் பிட்ஸ்னர் கேன்டீன் ஜன்னலில் அடித்தாள். "யாரைக் கேட்டுத் தொட்ட?"

"உங்க கம்பளி வாராவாரம் தவறாம வருது பெரில். நீங்கதான் வர மாட்டேங்கறீங்க. கறி வெச்ச மீட் பை ஒண்ணு தரவா?"

"ரெண்டா குடு" என்றாள் பெரில், கோபம் குறையாமல்.

அப்படியே எழுநூற்றுப் பதின்மூன்று பேரும் வெறும் புல்லில் உட்கார்ந்து, கோபத்தோடு தடத்தைப் பார்த்தார்கள். சும்மா பார்ப்பதைவிடக் கோபப் பார்வைக்கு எடை அதிகம் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஐந்தாவது ஓட்டத்துக்கு டெஸ்ஸின் காரைப் பின்னாலிருந்து யூட் தள்ளிவிட்டது. இந்த வகைக் கார்களுக்கு ஸ்டார்ட்டர் கிடையாது. எஞ்சின் பிடித்தது. கார் இருபது மீட்டர் ஓடி, நின்று, உறுமி, சக்கரம் சுழலச் சுழலக் களிமண்ணில் அச்சு வரை இறங்கியது. மற்ற கார்களும் எருமைகள் போல ஊர்ந்தன. கூட்டம் சிரித்தது. "பறக்கும்னாங்க, தவழக்கூட மாட்டேங்குது!" என்று ஒருவர் கத்தினார். டெஸ் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, காரை விட்டு இறங்கவும் இல்லை. ஓட்டாத சனிக்கிழமை போலக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கேன்டீனில் முதுகு காட்டி நின்ற மார்லீனுக்கு, உறுமல் அடங்கியதும் கெவ் ஒலிபெருக்கியில் "அச்சு வரைக்கும்!" என்றதுமே போதுமாக இருந்தது. அவள் கேட்டது கிடைத்துவிட்டது. அவர் தரையில் இருக்கிறார், பத்திரமாக, அச்சு வரை. அவளுக்கு அழுகை வந்தது. சிப்ஸ் அள்ளும் கரண்டியைக் கீழே வைக்காமல், தலையைக் குனிந்தபடியே நடந்து போய், கெவ்வின் கூண்டில் ஏறி மைக்கைப் பிடுங்கினாள்.

"எல்லாருக்கும் சொல்றேன். கம்பளி திரும்ப வேணும்னா ஒரு உதவி பண்ணுங்க. அந்தாளு பாவம். கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க."

முதலில் மேற்கு மேடு திரும்பியது. கார் களிமண்ணிலிருந்து பொக்கென்று கிளம்பியது. வடக்கு மேடு திரும்பியதும் இடுப்பு உயரம். திரும்பி உட்கார்ந்தவர்களின் தொப்பிக்கு மேலே காற்று சீறியது, பியர் டம்ளர்களில் களிமண் துணுக்கு விழுந்தது, கேட்டவர்களுக்கெல்லாம் குஷி பிறந்துவிட்டது. பெரில் எழுந்து நின்று, "இன்னும் திரும்பாதவங்க திரும்புங்கய்யா, கஞ்சத்தனம் பண்ணாதீங்க!" என்று அதட்டினாள். கிழக்கு மேடு திரும்பியது, பிட் திரும்பியது, மற்ற ஓட்டுநர்கள் தங்கள் காரை அணைத்துவிட்டுத் திரும்பினார்கள், கொடியாட்டுபவர் திரும்பினார், கெவ்வும் கண்ணைப் பொத்திக்கொண்டார். பார்க்காமல் என்னத்தைச் சொல்வது என்று வாழ்க்கையில் முதல் தடவையாக வாயையும் மூடினார். எழுநூற்றுப் பதின்மூன்று பேரில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. எஞ்சின் சத்தம் மேலே போனது. இன்னும் மேலே போனது. தையல் மெஷின் சத்தமாகச் சுருங்கியது, கொசுவானது, பிறகு கேட்கவில்லை. காலாக் கிளிகள் மட்டும் தனியாகத் திரும்பி வந்தன. திரும்பி உட்காரச் சொல்லியிருந்ததால் ஊர் அசையவில்லை. மார்லீன் கூண்டை விட்டு இறங்கி, தடத்தின் நடுவே போய், கரண்டியை நெற்றிக்கு மேல் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு புள்ளி. அவள் பார்த்த அந்த நிமிஷம் கார் புரண்டது, அவள் எப்போதும் பயந்தபடியே. ஏழு தடவை புரண்டது, மெதுவாக, ஒவ்வொன்றாக. ஆனால் அங்கே மோத வேலி இல்லை, தரை இல்லை, எதுவுமே இல்லை. மார்லீன் ஏழையும் கண்ணை மூடாமல் பார்த்தாள். ஏழாவது புரளல் முடிந்து கார் நேராகி, தானியச் சிலோ உயரம், கம்ப உயரம், கூரை உயரம் என்று இறங்கி வந்து அவள் தலைக்கு மேலே நிதானமாகச் சுற்ற ஆரம்பித்தது. ஹெல்மெட்டுக்குள் டெஸ் சிரிப்பது அவளுக்குத் தெரிந்தது. அவளுக்கும் சிரிப்பு வந்தது, தலை சுற்றியது, கரண்டியை ஆட்டிக்கொண்டு அதே இடத்தில் தானும் சுற்றினாள். கூரை உயரத்துக்கு மேல் அவரை அவள் விடவில்லை, கீழேயும் இழுக்கவில்லை.

அதிலிருந்து பின்யாராவில் எழுநூறுக்குக் குறைந்து கூட்டம் வந்ததில்லை. பக்கத்து ஊர்களிலிருந்து பேருந்து பிடித்து வருகிறார்கள். ஐந்தாவது ஓட்டத்துக்குக் கேன்டீன் மூடப்படும். "திரும்புங்க" என்பார் கெவ். எல்லோரும் அவரவர் கம்பளியில் தடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஆரவாரம் செய்வார்கள். பார்ப்பது மார்லீன் ஒருத்திதான் என்பதால் அந்த ஓட்டத்தின் முடிவை அவள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். டெஸ் பதினோரு வாரம் தொடர்ந்து முதலாவதாக வந்தார், யாரும் கேள்வி கேட்கவில்லை. போன சனிக்கிழமை அவள் மூன்றாவது என்று எழுதினாள்.

"மூணாவதா?" என்றார் டெஸ், காரை விட்டு இறங்கக்கூட இல்லை. "நான்தான முந்தினேன்!"

"கடைசிச் சுத்துல ரெண்டாவது வளைவுல எனக்குக் கை காட்டின பாரு, அப்ப ரெண்டு பேரு கீழால தாண்டிப் போயிட்டானுங்க. அதுக்கு முன்னால நாலாவது வளைவ அகலமா எடுத்த. ஆரம்பமும் லேட்டு."

டெஸ் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "அவ்வளவையுமா பாத்த?"

"பின்ன?"

மூன்றாம் பரிசு இரண்டு டின் எஞ்சின் ஆயில். அதைத் திறக்காமல் வீட்டு ஹாலில், கோப்பைகளைக் கொஞ்சம் ஒதுக்கி, நடுவில் வைத்திருக்கிறார்.