ஒழிக என்றால் கேரட்

குதிரைப் பிரிவுக்குப் புதிதாக வந்த அதிகாரிக்குக் குதிரையைப் பற்றித் தெரிந்ததெல்லாம், அதன் மேல் உட்கார்ந்தால் புகைப்படத்தில் ஆள் உயரமாகத் தெரிவான் என்பது ஒன்றுதான். உத்தரவு போட அவ்வளவு அறிவே தாராளம். வந்த மூன்றாம் நாளே போட்டார்: வெள்ளிக்கிழமை காலை எல்லாக் குதிரைகளுக்கும் கூட்டப் பரீட்சை. பயிற்சிக் காவலர்கள் ஐம்பது பேர் கொடி பிடித்து, தகரம் தட்டி, கோஷம் போடுவார்கள். மிரளாமல் உள்ளே நடக்கிற குதிரை பணியில் இருக்கும். மிரள்கிற குதிரை ஏலத்துக்குப் போகும்.

உத்தரவை ஏட்டு இரண்டு முறை படித்தார். ஒன்பது வருஷமாக அவர் ஏறுகிற வெள்ளைப் பெண்குதிரைக்கு லாயத்தில் துரைசாணி என்று பெயர். பார்வைக்கு அப்படி ஒரு மிடுக்கு. தைரியம்தான் சுத்தமாகக் கிடையாது. யாராவது குடையை விரித்தால் நாலடி பின்னால் போகும். குப்பைத்தொட்டியை இடம் மாற்றி வைத்துவிட்டால் ஒரு வாரம் அந்தத் தெருப் பக்கமே தலைவைக்காது. ஏட்டு இதை வெளியே விடாமல் காலம் தள்ளிவிட்டார். ரோந்தில் எதிரே குடை வந்தால் தெருவை மாற்றிவிட்டு, ‘சந்தேகத்தின் பேரில் பக்கத்துத் தெருவும் சோதிக்கப்பட்டது’ என்று அறிக்கையில் எழுதுவார். அதற்காக ஒரு முறை பாராட்டுக்கூட வாங்கியிருக்கிறார்.

முன்பு ஏலத்தில் போன குதிரை ஒன்று செங்கல் வண்டி இழுத்ததை அவர் கண்ணால் பார்த்தவர். அது அவரை அடையாளம் கண்டு நின்றது. வண்டிக்காரன் சாட்டையை எடுத்தான். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. துரைசாணிக்கும் அந்தக் கதி என்றால் தாங்கமாட்டார்.

“பரீட்சைன்னா படிக்க வைக்கணும். இப்படி மோட்டுவளையைப் பாத்துக்கிட்டு உக்காந்தா ஆச்சா?” என்றாள் மனைவி.

“குதிரைக்கு என்னத்தப் படிக்க வைக்கிறது?”

“அதுக்குக் கேரட்னா உசுரு. கத்தறவன் கையில கேரட் இருந்தா, கத்தறவனப் பாத்து ஏன் பயப்படப் போவுது?”

அன்று சாயங்காலமே லாயத்தின் பின்புறம் வகுப்பு தொடங்கியது. மனைவி தோளில் கேரட் பையை மாட்டி, தட்டும் கரண்டியும் எடுத்துக்கொண்டாள். அவள் தம்பி பழைய போர்வையைக் கம்பில் கட்டிக் கொடியாக்கினான்.

“யாரு ஒழிகன்னு சொல்லணுமே, அக்கா?” என்று கேட்டான்.

அவள் புருஷனை மேலும் கீழும் பார்த்தாள். “அதுக்கா ஆள் பஞ்சம்?”

“ஏட்டு ஒழிக!” என்று இரண்டு பேரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். மனைவியின் குரலில் பத்து வருஷத்துச் சமாச்சாரம் இருந்தது. துரைசாணி முதல் நாள் சுவரோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாம் நாள் காதை நிமிர்த்தியது. வியாழக்கிழமை ‘ஒழிக’ என்ற சத்தம் கேட்டதும் ஓடிவந்து கத்தியவள் பைக்குள் மூக்கை நுழைத்தது.

பரீட்சையில் இரண்டு குதிரைகள் திரும்பி ஓடின. ஒன்று ஆளைக் கீழே தள்ளியது. துரைசாணி மட்டும் தகரச் சத்தத்துக்கு நடுவே நேராகப் போய், உரக்கக் கத்திய பயிற்சிக் காவலரின் பையை முகர்ந்தது. ஆயுதம் தேடுகிறது என்று அதிகாரி அசந்துபோனார்.

“யோவ் ஏட்டு, இதான்யா குதிரை! அடுத்த வாரம் ஊர்வலத்துக்கு இது மேல நானே வரேன்.”

“அய்யா, அதுக்கு ஒரு பழக்கம் உண்டுங்க...”

“பழக்கத்தையெல்லாம் நான் பாத்துக்கறேன்.”

ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள் என்று இருநூறு பேர் ஊர்வலம் வந்தார்கள். முன்னால் ஒரு நர்ஸம்மா. நல்ல தாட்டியான உடம்பு, அதைவிடத் தாட்டியான குரல். அதிகாரி துரைசாணி மேல் நெஞ்சை நிமிர்த்தி, புகைப்படக்காரர்களுக்கு வாகாக முகத்தைத் திருப்பினார். “பஸ்ஸை நிறுத்தினவங்க ஒழிக!” என்றார் நர்ஸம்மா.

அவ்வளவுதான். துரைசாணி துள்ளிப் போய் நர்ஸம்மாவின் சாப்பாட்டுப் பைக்குள் தலையை விட்டது. அதிகாரி கடிவாளத்தை இழுத்தார். குதிரை சட்டை செய்யவில்லை. கூட்டம் ஒரு நிமிஷம் திகைத்தது. பிறகு யாரோ இடது பக்கம் ‘ஒழிக’ என்றார்; குதிரை இடது பக்கம் போனது. வலது பக்கத்தார் சும்மா இருப்பார்களா? அரைமணி நேரம் அதிகாரியை இப்படி அங்குமிங்கும் அலைய வைத்தார்கள். ஒரு கிழவர் சேணத்தில் ஒரு பதாகையையும் செருகிவிட்டார். “அம்மா தாயே, நில்லு!” என்று அதிகாரி கெஞ்சியது கோஷத்தில் அமுங்கிப்போனது. ஊர்வலம் பஸ் டிப்போவை அடைந்தபோது அவர்தான் முன்னால் இருந்தார்.

மறுநாள் பத்திரிகையில், ‘பஸ் கேட்டு மக்களோடு காவல் அதிகாரி’ என்று படம். போலீஸே கிளம்பிவிட்டது என்று பயந்து பஸ்ஸைத் திரும்ப விட்டார்கள். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டும் போன் வந்தது.

அதிகாரி ஏட்டைக் கூப்பிட்டார். முகம் கடுகடுவென்று இருந்தது. “இந்தச் சனியன இன்னிக்கே ஏலத்துல விடறேன். காரணத்த எழுதுய்யா.”

ஏட்டு பேனாவை எடுத்தார். “அதிகாரி கடிவாளத்தை இழுத்தும் குதிரை அடங்கவில்லைன்னு எழுதட்டுங்களா அய்யா?”

அதிகாரி எழுந்து கதவைச் சாத்தினார். “வேற எப்படி எழுதலாம்?”

“அய்யா திட்டம் போட்டே கூட்டத்துக்குள்ள போனீங்க. ஒரு கல்லு விழாம, ஒரு தடியடி இல்லாம முடிச்சு வெச்சீங்க. குதிரை அய்யா சொன்னபடி நடந்துச்சு.”

“அது நல்லா இருக்கே.” அவர் முகம் மலர்ந்து, மறுபடி சுருங்கியது. “ஆனா அப்படி எழுதினா குதிரைய ஏலத்துல விட முடியாதேய்யா?”

“சொன்னபடி நடந்த குதிரைய எப்படிங்க அய்யா விடறது?”

அதிகாரி அப்படியே எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ஏட்டு நேராக லாயத்துக்குப் போய், துரைசாணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்.

அடுத்த மாதம் அதிகாரிக்குப் பதக்கம் கொடுத்தார்கள். தாழ்வான மேடை, அதை ஒட்டித் துரைசாணி, பக்கத்தில் விறைப்பாக ஏட்டு. பதக்கம் வாங்கியவர் ஒலிபெருக்கியில் மூன்று முறை வாழ்த்துச் சொல்வது அங்கே மரபு. அதிகாரி தொண்டையைக் கனைத்தார்.

“நம் துறை வாழ்க!”

வாழ்கவுக்கும் ஒழிகவுக்கும் உள்ள வித்தியாசத்தைத் துரைசாணிக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கழுத்தை நீட்டி அவர் காற்சட்டைப் பையைத் தேடியது. அதிகாரியும் இப்போது விவரமானவர். சிரித்த முகம் மாறாமல் பையிலிருந்து ஒரு கேரட்டை எடுத்து மாமூலாகக் கொடுத்தார். சபை கைதட்டியது. குதிரை மென்று முடித்து மறுபடி நிமிர்ந்தது.

இன்னும் இரண்டு வாழ்க பாக்கி இருந்தது. பையில் வேறு கேரட் இல்லை. அதிகாரி ஒலிபெருக்கியைப் பிடித்தபடி ஏட்டைப் பார்த்தார்.

ஏட்டின் பையில் ஆறு இருந்தன. ஆனால் விறைப்பாக நிற்கும்போது கையை அசைக்கக் கூடாது என்பது விதி.